மைக்ரேஷன் பாதியில் விஎம் ஹேங்: கில் பண்ணாமல் மீட்க வழி உண்டா?

இரவுப்பணி | இரவு 10.52

வணக்கம். அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு கல்லூரியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு ஹோஸ்ட், அதாவது விஎம்கள் (மெய்நிகர் கணினிகள்) ஓடும் இரண்டு சர்வர்கள். இரண்டிலும் உபுண்டு 22.04, விஎம்களை ஓட்டும் கேவிஎம், அவற்றை நிர்வகிக்கும் லிப்வெர்ட். பொதுவான ஸ்டோரேஜ் கிடையாது. ஒவ்வொரு விஎம்மின் டிஸ்கும் அது ஓடும் ஹோஸ்டிலேயே ஒரு கோப்பாக இருக்கிறது. நாளை காலை முதல் ஹோஸ்ட் இருக்கும் ரேக்கின் யூபிஎஸ் பேட்டரிகளை மாற்ற ஆள் வருகிறார். அதற்குள் பெரிய விஎம்மை இரண்டாவது ஹோஸ்டுக்கு மாற்றிவிடலாம் என்று லிப்வெர்ட்டின் கட்டளையான வெர்ஷ் மைக்ரேட் கொடுத்தேன்: ஓடும்போதே மாற்றும் லைவ், டிஸ்கையும் சேர்த்துக் காப்பி செய்யும் காப்பி-ஸ்டோரேஜ்-ஆல்.

48 சதவீதம் வரை ஒழுங்காகப் போனது. அங்கேயே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு கண்ட்ரோல்-சி அடித்தேன். அதுவும் திரும்பி வரவில்லை. இன்னொரு டெர்மினலில் அந்த விஎம்மைப் பற்றி எதைக் கேட்டாலும் 30 விநாடி காத்திருந்துவிட்டு, ஸ்டேட் சேஞ்ச் லாக் கிடைக்கவில்லை என்று பிழை வருகிறது. மற்ற விஎம்கள் சரியாக இருக்கின்றன.

இந்த விஎம்மில் தேர்வு முடிவுகளுக்கான கணக்கீடு மாலையிலிருந்து ஓடுகிறது. அந்த நிரல் எல்லாவற்றையும் மெமரியில் வைத்துக்கொண்டு கடைசியில்தான் டேட்டாபேஸில் எழுதும். கில் பண்ணினால் அவ்வளவும் போய்விடும், நாளை முடிவு வெளியிட முடியாது. விஎம்முக்கு பிங் போகிறது. உள்ளே எஸ்எஸ்எச் போகவில்லை.

இரண்டாவது ஹோஸ்டும் சரியில்லை. பிங் போகிறது, எஸ்எஸ்எச் இணைகிறது, ஆனால் பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்பே நின்றுவிடுகிறது. அது வேறு கட்டடத்தில், பூட்டிய அறையில் இருக்கிறது.

முதல் ஹோஸ்டில் இருக்கும் விஎம்மை உயிரோடு மீட்க வழி இருக்கிறதா?

—

பழையகை | இரவு 11.04

முதலில் லிப்வெர்ட்டை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ரீஸ்டார்ட் செய்தால் ஓடுகிற விஎம்கள் சாகாது, பயப்பட வேண்டாம். அப்புறமும் அப்படியே இருந்தால் வெர்ஷ் டெஸ்ட்ராய் கொடுத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சோர்ஸ் டிஸ்குக்கு ஒன்றும் ஆகாது. டேட்டாபேஸ் தானாகவே ரெக்கவரி செய்துகொள்ளும்.

—

வேர்ப்பயனர் | இரவு 11.11

இரவுப்பணி, தயவுசெய்து டெஸ்ட்ராய் கொடுக்காதீர்கள். டெஸ்ட்ராய் என்பது முதலில் முடித்துக்கொள் என்று சொல்லும் சிக்டெர்ம் சிக்னல், அதற்கும் சாகவில்லை என்றால் கட்டாயமாகக் கொல்லும் சிக்கில். விஎம்மைப் பொறுத்தவரை ப்ளக்கைப் பிடுங்குவதும் அதுவும் ஒன்றுதான். டேட்டாபேஸ் மீண்டுவிடும் என்று பழையகை சொல்வது சரி. ஆனால் உங்களுடையது டேட்டாபேஸுக்கு இன்னும் போய்ச் சேராத வேலை. அதை எந்த ரெக்கவரியும் கொண்டுவராது.

லிப்வெர்ட் ரீஸ்டார்ட்டால் கெடுதல் இல்லை, ஆனால் இங்கே பயனும் இல்லை. நின்றுபோனது லிப்வெர்ட் அல்ல, அந்த விஎம்மை ஓட்டும் நிரலான கியூஎமு புராசஸ். லிப்வெர்ட் அதன் மானிட்டரில் (கட்டளை வாங்கும் வழியில்) கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. ரீஸ்டார்ட் ஆனாலும் அதே மானிட்டரிடம் போய் அதே இடத்தில்தான் நிற்கும்.

பிங் போகிறது என்று சொன்னீர்களே, அது நல்ல செய்தி. நெட்வொர்க் வீஹோஸ்ட் என்ற வசதி வழியாக ஹோஸ்ட் கெர்னலிலேயே நடப்பதால் கியூஎமுவின் மெயின் த்ரெட் நின்றாலும் பாக்கெட் போய் வரும். அந்தப் பாக்கெட்டுக்குப் பதில் சொல்வது உள்ளே இருக்கும் கெர்னல். ஆகவே விஎம் உயிரோடு இருக்கிறது, அதன் மெமரி அப்படியே இருக்கிறது. டிஸ்கைத் தொடும் வேலைகள்தான் நிற்கின்றன. எஸ்எஸ்எச் உள்ளே போகாததற்கும் அதுவே காரணம்.

முதல் ஹோஸ்டில் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

பிஎஸ் கட்டளையில் அந்தக் கியூஎமு புராசஸின் நிலை எஸ் என்று காட்டுகிறதா, டி என்று காட்டுகிறதா? டி என்றால் கெர்னலுக்குள்ளேயே மாட்டியிருக்கிறது, அது வேறு கதை.

அடுத்து, இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையை ரூட்டாக டி, என், ஓ, பி என்ற நான்கு எழுத்துகளோடு ஓட்டி, கியூஎமுவிலிருந்து இரண்டாவது ஹோஸ்டுக்குப் போகும் வரியைப் பாருங்கள். போர்ட் அனேகமாக 49152-க்கும் 49215-க்கும் இடையில் இருக்கும். சென்ட்-கியூ (அனுப்பக் காத்திருக்கும் பைட்டுகள்) எவ்வளவு, கடைசியில் டைமர் என்று என்ன எழுதியிருக்கிறது? அந்த ஒரு சொல் மிக முக்கியம்.

—

இரவுப்பணி | இரவு 11.19

நன்றி சார். டெஸ்ட்ராய் கொடுக்கவில்லை.

நிலை எஸ் என்றுதான் இருக்கிறது. எஸ்எஸ்ஸில் இரண்டாவது ஹோஸ்டுக்கு ஒரே ஒரு வரி, போர்ட் 49153. சென்ட்-கியூ பூஜ்ஜியம் இல்லை, லட்சக்கணக்கில் பெரிய எண், திரும்பத் திரும்பப் பார்த்தாலும் மாறவே இல்லை. டைமரில் பெர்சிஸ்ட் என்று இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். டிசிபி இணைப்பு செத்தால் 15 நிமிடத்தில் தானாக விட்டுவிடும் என்று படித்திருக்கிறேன். எப்போதோ 15 நிமிடம் தாண்டிவிட்டதே, ஏன் விடவில்லை?

—

வேர்ப்பயனர் | இரவு 11.37

பெர்சிஸ்ட் என்றால் காத்திருந்து பயனில்லை. விடியும் வரை காத்திருந்தாலும் இது விடாது. ஏன் என்று சொல்கிறேன். தெரிந்துகொண்டால் அடுத்து செய்யப்போவதைத் துணிந்து செய்யலாம்.

நீங்கள் படித்த 15 நிமிடம் சரியான கணக்குதான். எதிர்ப்பக்கம் ஒன்றுமே பதில் சொல்லாவிட்டால் லினக்ஸ் அனுப்பியதையே மறுபடி அனுப்பும். முதல் இடைவெளி 0.2 விநாடி, பிறகு ஒவ்வொரு முறையும் இரட்டிப்பு, 120 விநாடியைத் தொட்டதும் அதற்கு மேல் போகாது. 0.2-இல் தொடங்கி 102.4 வரை கூட்டினால் 204.6. பிறகு ஆறு முறை 120, அது 720. மொத்தம் 924.6 விநாடி, கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். டிசிபி-ரீட்ரைஸ்2 என்ற அமைப்பின் இயல்பு மதிப்பான 15-க்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு. கேபிள் அறுந்திருந்தால் உங்கள் விஎம் இந்நேரம் மீண்டிருக்கும்.

ஆனால் உங்கள் இரண்டாவது ஹோஸ்ட் சாகவில்லை. அதன் கெர்னல் உயிரோடு இருக்கிறது, டிஸ்க் பக்கம்தான் உறைந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்பே எஸ்எஸ்எச் நிற்பதும் அதைத்தான் காட்டுகிறது. அங்கே காப்பியை வாங்கி டிஸ்கில் எழுத வேண்டிய கியூஎமு எழுத முடியாமல் நிற்கிறது. எழுத முடியாததால் சாக்கெட்டிலிருந்து படிப்பதையும் நிறுத்திவிட்டது. வாங்கும் பஃபர் நிரம்பியதும் அந்தப் பக்கத்துக் கெர்னல் ‘இடமில்லை, நிறுத்து’ என்று சொல்லிவிட்டது. உங்கள் பக்கம் அவ்வப்போது ‘இடம் வந்ததா?’ என்று கேட்கும், அந்தப் பக்கம் ‘இன்னும் இல்லை’ என்று ஒழுங்காகப் பதில் சொல்லும்; டைமரில் வரும் பெர்சிஸ்ட் இதுதான். போனை எடுத்தவர் பேசவும் இல்லை, வைக்கவும் இல்லை என்கிற நிலை. இப்படிப் பதில் வரும்வரை இணைப்பைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்பது 1989-இல் வந்த ஆர்எஃப்சி 1122 என்ற இணையத் தரநிலையின் விதி. கீப்-அலைவ் (எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் வசதி) போட்டிருந்தாலும் உதவாது. அதற்கும் அதே கெர்னல் மரியாதையாகப் பதில் சொல்லிவிடும்.

சரி, ஒரு காப்பி நின்றால் விஎம்மே ஏன் நிற்க வேண்டும்? காப்பி நின்றபோது விஎம் நிற்கவில்லை. நிறுத்தியது ரத்துதான், அதாவது கண்ட்ரோல்-சி. டிஸ்க் வேலையை ரத்து செய்ய வேண்டும் என்றால், வழியில் இருக்கும் கோரிக்கைகள் எல்லாம் முடியட்டும் என்று கியூஎமு காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு மெயின் த்ரெட்டில் நடக்கிறது, கியூஎமுவின் பெரிய பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே நடக்கிறது. டிஸ்க் ஐஓ, மானிட்டர் எல்லாமே அந்தப் பூட்டுக்கு வரிசையில் நிற்கின்றன. நீங்கள் தவறாக எதுவும் செய்யவில்லை. ரத்து செய்தால் ரத்து ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் நியாயம்.

ஆகவே கில் பண்ண வேண்டியது விஎம்மை அல்ல, அந்த ஒரு சாக்கெட்டை. அதைக் கெர்னலே செய்யும், கியூஎமுவிடம் கேட்கத் தேவையில்லை.

எஸ்எஸ் கட்டளைக்குப் பெரிய கே என்று ஒரு விருப்பம் உண்டு. பொருந்தும் சாக்கெட்டை அது உடனே முறித்துவிடும். கெர்னலில் ஐநெட்-டயாக்-டெஸ்ட்ராய் இயக்கத்தில் இருக்க வேண்டும். பூட் அடைவில் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் அந்தப் பெயரைத் தேடி, ஒய் என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கட்டளை ஒரு பிழையும் சொல்லாமல் சும்மா திரும்பிவிடும், நாம் ஏமாந்துபோவோம்.

பெரிய கே இல்லாமல் முதலில் ஓட்டுங்கள்: சேருமிடம் இரண்டாவது ஹோஸ்டின் ஐபி, சேரும் போர்ட் 49153. ஒரே ஒரு வரி வருகிறதா, அது கியூஎமு புராசஸுடையதுதானா என்று பாருங்கள். போர்ட்டை விட்டுவிட்டு வெறும் ஐபி கொடுத்தால் அந்த ஹோஸ்டுக்குப் போகும் எல்லா இணைப்பும் அறுந்துவிடும். சரியாக இருந்தால் அதே வரியில் பெரிய கே சேர்த்து ஓட்டுங்கள்.

கியூஎமுவுக்குப் பிழை போகும். காத்திருந்த கோரிக்கைகள் தோல்வியாக முடியும், காப்பி வேலை விழும், பூட்டு விடுபடும். தோற்பது காப்பி போய்ச்சேரும் பக்கம் மட்டும்தான். உங்கள் சோர்ஸ் டிஸ்குக்கும் அந்த இணைப்புக்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு வழி, யாரையாவது அனுப்பி இரண்டாவது ஹோஸ்டை ரீபூட் செய்ய வைப்பது. அது எழுந்ததும், முன்பின் தெரியாத இணைப்பிலிருந்து கேள்வி வருகிறதே என்று ரீசெட் அனுப்பும், இங்கே விடுபட்டுவிடும். ஆனால் அங்கே ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் தூக்கிப்போடும்படி அமைந்திருந்தால் அந்த ரீசெட் வராது. நான் முதல் வழியைத்தான் செய்வேன்.

—

இரவுப்பணி | இரவு 11.50

விடுபட்டுவிட்டது!

கான்ஃபிக்கில் ஒய் இருந்தது. ஒரு வரிதான் வந்தது. பெரிய கே சேர்த்து எண்டர் அடித்த உடனே மைக்ரேட் ஓடிய டெர்மினலில் பிழை காட்டிவிட்டு ப்ராம்ப்ட் திரும்பியது. வெர்ஷ் டொம்ஸ்டேட் கேட்டால் ரன்னிங் என்கிறது. விஎம்முக்குள் போய்விட்டேன். கணக்கீடு விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது, லாகில் புதிய வரிகள் வருகின்றன. டிமெசேஜில் (கெர்னல் செய்திகளில்) 120 விநாடிக்கு மேல் டாஸ்க் தடைபட்டது என்று சில எச்சரிக்கைகள், வேறு ஒன்றும் இல்லை.

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை சார். இனி நான் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

—

வேர்ப்பயனர் | இரவு 11.58

மிகவும் மகிழ்ச்சி. நீங்கள் பதற்றப்பட்டு டெஸ்ட்ராய் கொடுக்காமல் இருந்ததால்தான் இது முடிந்தது.

வெர்ஷ் பிளாக்ஜாப் கேட்டு, அந்த டிஸ்கில் எந்த வேலையும் மிச்சம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். அந்த 120 விநாடி எச்சரிக்கை, டிஸ்க் பதிலுக்காகக் காத்திருந்த புராசஸ்களைப் பற்றி உள்ளே இருக்கும் கெர்னல் சொல்வது. பிழை என்று எதுவும் டிஸ்கிலிருந்து போகாததால் ஃபைல் சிஸ்டம் ரீட்-ஒன்லி ஆகியிருக்காது. இருந்தாலும் மவுண்ட் பட்டியலை ஒருமுறை பாருங்கள்.

இரண்டாவது ஹோஸ்ட் மீண்டு வந்ததும் அங்கே பாதி வந்து நிற்கும் விஎம் இருந்தால், அதை மட்டும் அங்கே டெஸ்ட்ராய் செய்யுங்கள். எக்காரணம் கொண்டும் ரெஸ்யூம் செய்யக் கூடாது. பாதி காப்பியான டிஸ்க் கோப்பை நீக்கிவிடுங்கள். கணக்கீடு முடியும் வரை மறுபடி மைக்ரேட் முயல வேண்டாம். யூபிஎஸ் ஆளைக் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லலாம்.

—

கடற்கரைவாசி | காலை 7.20

அருமையான திரி. எங்கள் நிலைமை கொஞ்சம் வேறு, அதனால் கேட்கிறேன். எங்களிடம் விஎம்மின் உண்மையான டிஸ்கே என்பிடி (நெட்வொர்க் வழியாக டிஸ்கைத் தரும் முறை) வழியாக வேறொரு பெட்டியில் இருக்கிறது. காப்பி அல்ல, அதுதான் டிஸ்க். இன்னும் சில விஎம்கள் என்எஃப்எஸ் (நெட்வொர்க் கோப்பு அமைப்பு) மேல் ஓடுகின்றன. அங்கேயும் சாக்கெட்டை முறிக்கலாமா? கியூஎமுவில் யாங்க் என்று ஏதோ கட்டளை இருப்பதாகக் கேள்விப்பட்டேன், அது இதற்குத்தானா?

—

வேர்ப்பயனர் | காலை 9.05

நல்ல கேள்வி. நேற்று இரவு செய்ததை எல்லா இடத்திலும் அப்படியே செய்தால் ஆபத்து.

என்எஃப்எஸ்ஸை முதலில் முடித்துவிடுகிறேன். அங்கே காத்திருப்பது கியூஎமு அல்ல, கெர்னல். ஹார்ட் மவுண்ட் என்றால் சர்வர் வரும் வரை முயன்றுகொண்டே இருக்கும், பிஎஸ்ஸில் டி நிலை தெரியும். சாக்கெட்டை முறித்தால் கெர்னல் புதிய இணைப்பு போட்டு அதே கோரிக்கையை மறுபடி அனுப்பும், அவ்வளவுதான். விஎம் டிஸ்குக்கு ஹார்ட் மவுண்ட்தான் சரி. ஹேங் ஆகிறதே என்று சாஃப்ட்டுக்கு மாற்றினால், டிசிபியில் இயல்பான டைமோ (காத்திருப்பு நேரம்) 600, அதாவது 60 விநாடி, சில மறுமுயற்சிகள், அதோடு பிழையை விஎம்முக்குத் தள்ளிவிடும். உள்ளே ஃபைல் சிஸ்டம் ரீட்-ஒன்லி ஆகும். ஹேங் ஆன விஎம் சர்வர் வந்ததும் தொடரும். பிழை வாங்கிய விஎம்மை ஒவ்வொன்றாகப் பழுது பார்க்க வேண்டும். நான் ஹேங்கைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இனி யாங்க். ஆமாம், இதற்காகவே வந்த கட்டளை. கியூஎமு 6.0-இல், 2021-இல் சேர்ந்தது. கோலோ என்று ஒரு வசதி உண்டு. ஒரே விஎம் இரண்டு ஹோஸ்டில் சேர்ந்து ஓடும், ஒன்று விழுந்தால் மற்றது உடனே தொடர வேண்டும். விழுந்த ஹோஸ்டுக்குப் போகும் இணைப்பில் மாட்டிக்கொண்டு நல்ல ஹோஸ்டும் நின்றுவிட்டால் அந்த வசதிக்கே அர்த்தமில்லை. அந்தத் தேவையிலிருந்து வந்ததுதான் இது. என்பிடி டிஸ்க், சாக்கெட் மேல் இருக்கும் கேரக்டர் சாதனம், மைக்ரேஷன் ஆகிய மூன்று வகை இணைப்புகளில் நீங்கள் சொல்வதை மட்டும் ஷட்டவுன் செய்யும். இணைப்பு அறுந்ததும் காத்திருந்தவை எல்லாம் பிழையோடு எழுந்துவிடும்.

மெயின் த்ரெட்டே நின்றுவிட்டால் கட்டளையை யார் கேட்பார்கள்? அதற்காகத்தான் மானிட்டரில் அவுட்-ஆஃப்-பேண்ட் என்ற வழி இருக்கிறது. அந்த வழியில் வரும் கட்டளையை மானிட்டரின் தனி த்ரெட் பெரிய பூட்டுக்குக் காத்திராமல் ஓட்டும். யாங்க், கொயரி-யாங்க் இரண்டுக்கும் அந்த அனுமதி உண்டு. கியூஎம்பி (மானிட்டரோடு பேசும் முறை) சாக்கெட்டில் இணைந்ததும் வரும் வரவேற்பில் ஊப் (அவுட்-ஆஃப்-பேண்டின் சுருக்கம்) என்ற திறன் இருப்பதாகச் சொல்லும். கியூஎம்பி-கேப்பபிலிட்டீஸ் அனுப்பும்போதே அதை இயக்கச் சொல்ல வேண்டும், கட்டளையை எக்ஸிக்யூட் என்று அல்லாமல் எக்ஸெக்-ஊப் என்று அனுப்ப வேண்டும். முதலில் கொயரி-யாங்க். அது அறுக்கக்கூடிய இணைப்புகளைப் பெயரோடு பட்டியலிடும். பிறகு யாங்க், அறுக்க வேண்டிய பெயரை மட்டும் கொடுத்து. எந்தப் பெயர் காப்பி, எது உண்மையான டிஸ்க் என்று சந்தேகம் இருந்தால் தொடாதீர்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, நேற்று இரவு யாங்கைப் பற்றிப் பேசாமல் விட்டதற்கும் அதுதான் காரணம். லிப்வெர்ட் வைத்திருக்கும் மானிட்டர் சாக்கெட் ஏற்கெனவே மாட்டியிருக்கும். இன்னொரு கியூஎம்பி சாக்கெட் வேண்டும், அதை விஎம் கிளம்பும்போதே கொடுத்திருக்க வேண்டும். லிப்வெர்ட்டில் கியூஎமு கமாண்ட்லைன் பகுதியில் அதைச் சேர்க்கலாம். விஎம் டெயிண்ட் ஆனது (வழக்கத்துக்கு மாறான அமைப்பு) என்று லாகில் ஒரு வரி வரும், அதனால் தொந்தரவு இல்லை. ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு அந்தப் பாதையை மறுத்தால் விஎம் கிளம்பவே கிளம்பாது, ஆகவே சோதனை விஎம்மில் முதலில் செய்யுங்கள். அந்தச் சாக்கெட்டில் எழுத முடிந்தவர் விஎம்மை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதால் அனுமதியை இறுக்கமாக வையுங்கள்.

கடற்கரைவாசி, உங்களுக்கான பதில் இங்கேதான். என்பிடி டிஸ்கை யாங்க் செய்தால் கியூஎமு மறுபடி இணைய முயலாது. கியூஎமு ஆவணத்திலேயே இது தெளிவாக இருக்கிறது. நேற்று மாதிரி என்பிடி வழியாகப் போகும் காப்பிக்கு அது சரியான நடத்தை, செத்த காப்பி நமக்கு வேண்டாம். உண்மையான டிஸ்குக்கு அது கொடுமை, விஎம் தன் டிஸ்கை இழந்துவிடும்.

உங்கள் டிஸ்குக்கு ரீகனெக்ட்-டிலே என்ற அமைப்பைப் போடுங்கள். இயல்பு மதிப்பு பூஜ்ஜியம், அதாவது அறுந்த உடனே பிழை. 300 என்று வைத்தால், அறுந்த பிறகு 300 விநாடி வரை கோரிக்கைகளைப் பிடித்து வைத்துக்கொண்டு மறுபடி இணைய முயலும், இணைந்ததும் அவற்றை அனுப்பும். விஎம்முக்குக் கொஞ்சம் தாமதம் மட்டும்தான் தெரியும். ஆனால் இணைப்பு அறுந்தது என்று தெரிந்தால்தான் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். நேற்று மாதிரி பெர்சிஸ்ட்டில் நின்றால் தொடங்கவே தொடங்காது. அப்போது எஸ்எஸ் வழியாக நீங்கள் முறிக்கலாம். அது கியூஎமுவுக்குச் சாதாரணமாக இணைப்பு அறுந்த மாதிரிதான் தெரியும், ரீகனெக்ட்-டிலே வேலை செய்யும். முறிப்பதற்கு முன் என்பிடி சர்வர் உண்மையிலேயே மீண்டுவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடவே எரர் பாலிசியை ஸ்டாப் என்று வையுங்கள். 300 விநாடியும் தாண்டிவிட்டால்கூட விஎம்முக்குப் பிழை போகாது, விஎம் பாஸ் ஆகி நிற்கும். டிஸ்க் வந்ததும் வெர்ஷ் ரெஸ்யூம் கொடுக்கலாம். இயல்பில் படிக்கும் பிழை நேராக உள்ளே போய்விடும், எழுதும் பிழையில் இடமில்லை என்பதற்கு மட்டும்தான் நிற்கும்.

—

பழையகை | காலை 9.40

போஸ்ட்-காப்பி மைக்ரேஷனில், அதாவது விஎம் முதலில் அந்தப் பக்கம் ஓடத் தொடங்கி மெமரி பிறகு வந்துசேரும் முறையில், இணைப்பு ஹேங் ஆனால்? அங்கேயும் முறிக்கலாமா?

—

வேர்ப்பயனர் | காலை 9.52

அங்கே விஎம்மின் மெமரி பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். முறித்தால் போஸ்ட்-காப்பி நின்று, இடைநிறுத்த நிலைக்குப் போகும், விஎம் சாகாது. புதிய இணைப்பு கொடுத்து அதே இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் இரண்டு பக்கக் கியூஎமுவில் எது செத்தாலும் விஎம் முடிந்தது. இருபுறமும் எதையும் கில் பண்ணக் கூடாது. டிஸ்கும் சேர்ந்து போகும் மைக்ரேஷனில் நான் போஸ்ட்-காப்பியைத் தொடுவதே இல்லை.

—

இரவுப்பணி | பிற்பகல் 3.15

கணக்கீடு காலை முடிந்தது, முடிவுகள் டேட்டாபேஸில் ஏறிவிட்டன. அதற்குப் பிறகுதான் விஎம்மை முறையாக ஷட்டவுன் செய்து, யூபிஎஸ் வேலையை நடத்தினார்கள். இரண்டாவது ஹோஸ்டை நேரில் போய்ப் பார்த்தேன். ரெய்டு கண்ட்ரோலர் ஒரு டிஸ்கில் மாட்டிக்கொண்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருந்திருக்கிறது. நீங்கள் சொன்னது அப்படியே சரி.

விஎம்மை மறுபடி கிளப்பும்போது இரண்டாவது கியூஎம்பி சாக்கெட் சேர்த்துவிட்டேன். உபுண்டு 22.04-இல் கியூஎமு 6.2 இருப்பதால் யாங்க் இருக்கிறது, வரவேற்பில் ஊப் தெரிகிறது. இதைச் சோதனை விஎம்மில் ஒருமுறை நிஜமாகவே செய்துபார்க்க வேண்டும். நேற்று நடந்த மாதிரி ஹேங்கை எப்படி உண்டாக்குவது? கேபிளைப் பிடுங்கினால் போதுமா?

—

வேர்ப்பயனர் | மாலை 4.02

கேபிளைப் பிடுங்கினால் அது 924 விநாடிக் கதை, நேற்று நடந்தது அதுவல்ல. இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

நேற்றைய நிலைக்கு: சோதனை விஎம்மைக் காப்பியோடு மைக்ரேட் செய்யத் தொடங்கி, பாதி வழியில் இரண்டாவது ஹோஸ்டில் வாங்கும் கியூஎமுவுக்குச் சிக்ஸ்டாப் அனுப்புங்கள். புராசஸ் உறையும், கெர்னல் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். முதல் ஹோஸ்டில் எஸ்எஸ் ஓட்டினால் சற்று நேரத்தில் பெர்சிஸ்ட் வரும். கண்ட்ரோல்-சி கொடுத்து லாக் பிழை வரும் வரை விடுங்கள். பிறகு இரண்டாவது சாக்கெட்டில் கொயரி-யாங்க், யாங்க்.

அறுந்த கேபிளுக்கு: இரண்டாவது ஹோஸ்டில் ஐபிடேபிள்ஸ் ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை மட்டும் ட்ராப் செய்யுங்கள். ரிஜெக்ட் போடாதீர்கள், அதை டிசிபி ரீசெட்டோடு போட்டால் இணைப்பு உடனே அறுந்துவிடும், ஹேங் உண்டாகாது. டைமரில் இப்போது பெர்சிஸ்டுக்குப் பதிலாக ஆன் என்று வரும், பக்கத்தில் எத்தனையாவது மறுமுயற்சி என்ற எண் ஏறிக்கொண்டே போகும்.

முடிந்ததும் உறைந்த கியூஎமுவை அந்தப் பக்கத்திலேயே கில் பண்ணிவிடுங்கள். சிக்கான்ட் கொடுத்து எழுப்ப வேண்டாம்.